நடிகை லிலி டொம்லினின் வாழ்வும் தொழிலும்: ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

புதுக்குடியிருப்பில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தார்: "கைபேசியில் 'கிரேஸ் அன்ட் ஃபிராங்கி' தொடரைப் பார்த்தேன். அதில் ஃபிராங்கியாக வரும் லிலி டொம்லின் ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு பெண்ணோடு வாழ்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன். அதை மறைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் நடித்தாரா? மறைக்கவில்லை என்றால் அவருக்கு எப்படி வேலை கொடுத்தார்கள்? அவருடைய நடிப்பைப் படிப்பதென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?"

கிளிநொச்சியில் அதே பாடத்தைக் கற்பிப்பவள் என்ற முறையிலும், டொம்லினின் ஓராள் அரங்கை நீண்ட காலமாக விரும்பிப் பார்த்து வருபவள் என்ற முறையிலும் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். "எப்படி வேலை கொடுத்தார்கள்" என்று கேட்கிறீர்கள். கேள்வியின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. டொம்லினின் தொழில் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால், பிறர் வேலை கொடுக்கட்டும் என்று அவர் காத்திருந்த காலம் மிகக் குறைவு என்பது தெரியவரும். தன்னுடைய பாத்திரங்களைத் தானே உருவாக்கினார். அவற்றுக்கான எழுத்தில் பெரும்பகுதியைத் தன் துணைவியோடு சேர்ந்து ஆக்கிக்கொண்டார். ஒரு நிறுவனம் மனம் கோணினாலும் அந்தப் பாத்திரங்கள் அவரோடு மேடைக்கும் இசைத்தட்டுக்கும் இடம்பெயர்ந்து போகக்கூடியனவாக இருந்தன. தன் வாழ்வைப் பற்றிப் பொய் சொல்லாமலும், அதே வேளை அதை எவருக்கும் விற்காமலும் அவர் இருக்க முடிந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்பது என் கருத்து.

அவர் 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி, மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன டிட்ராயிட் நகரத்தில் மேரி ஜீன் டொம்லின் என்ற பெயரோடு பிறந்தார். பெற்றோர் கென்டக்கி மாநிலத்து நாட்டுப்புறத்தவர்கள். பொருளாதார மந்தக் காலத்தில் வேலை தேடி வடக்கே வந்தவர்கள். தந்தை தொழிற்சாலைத் தொழிலாளி, பைபிளை இறுகப் பற்றிய தென்மாநிலத்துப் பப்டிஸ்ற் குடும்பம். பின்னாளில் மேடைக்கு அவர் எடுத்துக்கொண்ட லிலி என்ற பெயர் தாயாரின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் குடியிருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் பல வகையான மனிதர்கள் வாழ்ந்தார்கள், சிறுமி அவர்களுடைய வீடுகளுக்கெல்லாம் போய் வந்தாள். அவர்கள் பேசும் விதத்தையும் இருக்கும் விதத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததே தன் நடிப்பின் தொடக்கம் என்று பல செவ்விகளில் அவர் சொல்லியிருக்கிறார். கோடை விடுமுறைக்குக் கென்டக்கியிலிருந்த உறவினரின் பண்ணைக்குப் போவார்கள். ஆக, நகரத்துப் பேச்சும் கிராமத்துப் பேச்சும் ஒரே காதுக்குள் சேர்ந்து வளர்ந்தன. வேன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தை நோக்கிய படிப்பில் சேர்ந்தவர், அங்கே ஒரு நாடகத்தில் சிறு பாத்திரம் ஏற்றதோடு அந்தப் பாதையை விட்டு விலகினார். அறுபதுகளின் நடுப்பகுதியில் நியூயோர்க் சென்று, சிறு விடுதி மேடைகளில் நடிக்கத் தொடங்கினார்.

1969ஆம் ஆண்டின் இறுதியில் 'லாஃப் இன்' என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் சேர்ந்தார். அந்த நிகழ்ச்சி 1973இல் முடியும் வரை அதில் இருந்தார். நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979இல்தான்; ரூபவாகினி வந்தது 1982இல். வன்னியின் பெரும்பகுதியைப் பொறுத்தவரை, தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் ஒன்று நடுவில் இருந்தது. ஆகவே அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒரு முகம் நம்மிடம் வந்து சேர அரை நூற்றாண்டு எடுத்ததும், அதுவும் எழுபது வயதைக் கடந்த ஃபிராங்கியாக வந்து சேர்ந்ததும் வியப்பில்லை. ஆனால் அந்த முதிய பெண்ணிலிருந்து மட்டும் டொம்லினை மதிப்பிட்டால் அவருடைய கலையின் வேர் பிடிபடாது.

'லாஃப் இன்'னில் அவர் உருவாக்கிய பாத்திரங்களில் இரண்டு நிலைத்து நின்றன. ஒன்று ஏர்னஸ்டீன் என்ற தொலைபேசி ஒப்பரேட்டர். நாற்பதுகளின் பாணியில் தூக்கிக் கட்டிய கொண்டை, இறுகிய உதடு, மூக்கால் உறிஞ்சிச் சிரிக்கும் சிரிப்பு. அக்காலத்தில் அமெரிக்காவின் தொலைபேசிச் சேவை ஏறத்தாழ முழுவதும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. வாடிக்கையாளருக்கு வேறு வழி இல்லை. தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் அமர்ந்திருக்கும் ஒரு சாதாரண ஊழியர், தன் கைக்குள் இருக்கும் அந்தச் சிறு அதிகாரத்தை எவ்வளவு ஆனந்தமாக அனுபவிக்கிறாள் என்பதையே டொம்லின் நடித்துக் காட்டினார். எந்தக் கச்சேரியிலும் கந்தோரிலும் வரிசையில் நின்று பழகிய நமக்கு ஏர்னஸ்டீனை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. அந்தத் தொலைபேசி நிறுவனமே தன் விளம்பரத்தில் ஏர்னஸ்டீனாகத் தோன்றுவதற்கு ஐந்து இலட்சம் டொலர் தர முன்வந்தது. கலை நேர்மைக்கு அது இழுக்கு என்று டொம்லின் மறுத்தார். முப்பது வயதை அப்போதுதான் தாண்டிய, செல்வமற்ற குடும்பத்திலிருந்து வந்த ஒரு நடிகை அந்தக் காலத்தில் மறுத்த தொகை அது. பின்னால் வரப்போகும் இன்னொரு மறுப்பைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருங்கள். ஏர்னஸ்டீன் இசைத்தட்டு 1971இல் வெளிவந்து, அவருக்குக் கிராமி விருதைத் தேடித் தந்தது.

மற்றையவள் ஈடித் ஆன் என்ற ஐந்தரை வயதுச் சிறுமி. பெரிய ஆட்டநாற்காலி ஒன்றைச் செய்வித்து, வளர்ந்த பெண்ணொருத்தி அதில் குழந்தை அளவுக்குச் சிறுத்துத் தெரியும்படி உட்கார்ந்து, பெரியவர்களின் உலகத்தைப் பற்றிக் கண்டபடி தீர்ப்புச் சொல்வாள். இந்தச் சிறுமிதான் டொம்லினின் வாழ்க்கையைத் திருப்பியவள். ஈடித் ஆனுக்காக ஓர் இசைத்தட்டுத் தயாரிக்க நினைத்தபோது, குழந்தையின் மனத்தைப் பொய்யில்லாமல் எழுதக்கூடிய ஒருவரைத் தேடினார். 1969இல் ஒளிபரப்பான 'ஜே. டி.' என்ற தொலைக்காட்சி நாடகத்தை அவர் பார்த்திருந்தார். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கறுப்பினச் சிறுவன் கைவிடப்பட்ட பூனையொன்றைப் பராமரிக்கும் கதை அது, பீபொடி விருது பெற்றது. அதை எழுதியவர் டென்னசி மாநிலத்தில் பிறந்த ஜேன் வாக்னர். அவருக்கு அழைப்பு விடுத்தார். 1971இல் இருவரும் சந்தித்தார்கள். அன்றிலிருந்து இன்று வரை பிரியவில்லை.

அந்தக் காலத்தின் நிலையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதெல்லாம் எளிதாக நடந்தது போலத் தோன்றும். அவர் 'லாஃப் இன்'னில் சேர்ந்த 1969இல், ஒரே பாலினத்தவரிடையேயான உறவு அமெரிக்காவின் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் குற்றமாக இருந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். நாடு முழுவதும் அந்தச் சட்டங்கள் செல்லாதவையாக்கப்பட்டது 2003இல். அதாவது, அவர்கள் இருவரும் சந்தித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

இந்த நிலையில் டொம்லின் எடுத்த வழி நேர்த்தியானது, எனினும் எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றல்ல. வாக்னரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். விருது மேடைகளில் அவருக்கு நன்றி சொன்னார். நண்பர்களுக்கும் சக கலைஞர்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, பத்திரிகையாளர்களுக்கும் தெரிந்திருந்தது, அவர்கள் எழுதவில்லை. போலியாக ஒரு காதலனைக் காட்டியோ, பெயருக்கு ஒரு கல்யாணம் செய்தோ அவர் தன்னை மூடிக்கொள்ளவில்லை. அக்கால ஹொலிவூட்டில் அப்படிச் செய்தவர்கள் பலர். அதே வேளை, ஒலிவாங்கியின் முன் நின்று "நான் ஒரு லெஸ்பியன்" என்று அறிவிக்கவும் இல்லை.

1975இல் நடந்த ஒரு சம்பவத்தை அவரே பின்னர் பல தடவை விவரித்திருக்கிறார். தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை வெளிப்படையாக அறிவிப்பதானால் 'டைம்' சஞ்சிகையின் அட்டையில் அவருடைய படத்தைப் போடலாம் என்று ஒரு பேச்சு அவரிடம் கொண்டுவரப்பட்டது. அந்த வருடம் ரொபர்ட் ஓல்ட்மனின் 'நாஷ்வில்' திரைப்படத்தில், செவிப்புலனற்ற இரு பிள்ளைகளின் தாயாகவும் தேவாலயப் பாடகியாகவும் அவர் நடித்து, ஒஸ்கார் பரிந்துரை பெறும் அளவுக்குப் புகழப்பட்டிருந்தார். அட்டைப் படத்துக்கு அந்த நடிப்புப் போதாது, அந்தரங்கத்தை விலையாகத் தர வேண்டும் என்பது அவருக்கு அவமதிப்பாகப் பட்டது. மறுத்துவிட்டார். அதே 1975இல், அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த லெனார்ட் மட்லோவிச் தன் தன்பாலீர்ப்பை அறிவித்து அந்தச் சஞ்சிகையின் அட்டையில் வந்தார். அவர் படையிலிருந்து நீக்கப்பட்டுச் சட்டத்தோடு போராட வேண்டியிருந்தது. டொம்லின் 1977 மார்ச்சில் அதே அட்டையில் வந்தார், அமெரிக்க நகைச்சுவையின் புதிய அரசி என்ற அடைமொழியோடு, தன் மேடை நிகழ்ச்சிக்காக. தொலைபேசி நிறுவனத்துக்குச் சொன்ன பதிலையே சஞ்சிகைக்கும் சொன்னார் என்று நான் இதைப் பார்க்கிறேன்.

இதைப் பயம் என்று சொன்னவர்கள் உண்டு. அதே 1975இல் அவர் வெளியிட்ட 'மொடர்ன் ஸ்கிரீம்' என்ற இசைத்தட்டைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். அதில் ஒரு கற்பனைச் செவ்வி வருகிறது. ஆணை விரும்பும் பெண்ணாகத் திரையில் நடிப்பது எப்படி இருந்தது, தயக்கம் ஏற்படவில்லையா என்று செவ்வி காண்பவர் கேட்கிறார். அத்தகைய பெண்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், அவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் நடிகை விளக்கம் சொல்கிறார். தன்பாலீர்ப்புள்ள பாத்திரங்களில் நடிப்பவர்களிடம் பத்திரிகையாளர்கள் கேட்கும் கேள்வியை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டார். சஞ்சிகைக்கு விற்க மறுத்த விடயத்தைத் தன்னுடைய கலைக்குள், தன்னுடைய சொற்களில், தான் விரும்பிய நேரத்தில் வைத்தார்.

1972இல் டிக் கேவட்டின் உரையாடல் நிகழ்ச்சியில் நடந்ததும் இவருடைய குணத்தைக் காட்டும். அதில் கலந்துகொண்ட ஒரு நடிகர், தன் குதிரைகளையும் நாய்களையும் எண்ணிக்கொண்டு வந்து, அவற்றோடு தன் மனைவியையும் சேர்த்துத் தன் உடைமையைப் போலப் பேசினார். டொம்லின் நான் போகிறேன் என்று சொல்லி எழுந்து, ஒளிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியேறிவிட்டார். இப்படிப்பட்டவரை மறைந்து வாழ்ந்தவர் என்று சொல்வது பொருந்தாது.

ஜேன் வாக்னரோடு சேர்ந்து செய்த தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1973இல் சீ.பீ.எஸ். தொலைக்காட்சி வலையமைப்பில் வெளியான 'லிலி'யில், வாக்னர் எழுதிய ஒரு சிறு நாடகம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓப்பல் என்ற பெண்ணாக டொம்லினும், போதைப்பழக்கத்திலிருந்து மீள முயலும் ஜூக் என்ற இளைஞனாக ரிச்சர்ட் பிரையரும் நடித்தார்கள். சிரிப்பு நிகழ்ச்சிக்குள் சிரிப்பே தேவைப்படாத ஒரு பகுதியைத் துணிந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளையினப் பெண்ணுக்கும் கறுப்பின ஆணுக்கும் இடையிலான பரிவை, எந்த விளக்கவுரையும் இல்லாமல், சூப்புக் கோப்பையையும் மேசையையும் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். வலையமைப்பு அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. நிகழ்ச்சியோ எழுத்துக்கும் சிறந்த சிறப்பு நிகழ்ச்சிக்குமான எமி விருதுகளைப் பெற்றது.

பிற்காலச் சிறப்பு நிகழ்ச்சிகளில் டொமி வெலூர் என்ற, மார்பு மயிர் தெரியச் சட்டையைத் திறந்துவிட்ட, தன்னையே வியக்கும் ஆண் பாடகராகவும் அவர் வந்தார். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தில் ஆண்களே கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆடி வந்ததை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். வற்றாப்பளையை அடுத்த ஊர்களில் அதைப் பார்த்தும் இருப்பீர்கள். ஆண் பெண்ணாக ஆடுவதைப் பக்தியோடு ஏற்றுக்கொள்ளும் சபை, பெண் ஆணாக ஆடினால் எப்படிப் பார்க்கும் என்பது உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு ஏற்ற கேள்வி. டொம்லினின் டொமி வெலூர் வெறும் கேலிச் சித்திரமாக இல்லாமல், அந்த ஆணின் தனிமையும் தெரியும்படி அமைந்ததை அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

திரைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1980இல் ஜேன் ஃபொண்டா, டொலி பார்ட்டன் ஆகியோருடன் நடித்த 'நைன் டு ஃபைவ்' பெரும் வெற்றி பெற்றது; அலுவலகத்தில் பெண்களின் உழைப்பையும் அவர்கள் படும் தொல்லையையும் நகைச்சுவையாகச் சொன்ன அந்தப் படத்தின் உறவுதான் முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் கிரேஸும் ஃபிராங்கியுமாகத் தொடர்ந்தது. அதற்கு முன்னர், 1978இல், வாக்னர் எழுதி இயக்கிய 'மொமென்ட் பை மொமென்ட்' படுதோல்வி அடைந்தது. துணைவியின் படத்தில் நடித்துத் தோற்றதைப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. அவர்கள் சேர்ந்து வேலை செய்வதை நிறுத்தவில்லை.

நிறுத்தாததன் பலன்தான் 1985இல் நியூயோர்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிரோட்வேயில் அரங்கேறிய 'த சேர்ச் ஃபோர் சைன்ஸ் ஒஃப் இன்டெலிஜென்ட் லைஃப் இன் த யுனிவேர்ஸ்'. வாக்னர் எழுதி இயக்க, டொம்லின் தனியாளாக ஒரு டசினுக்கு மேற்பட்ட பாத்திரங்களை நடித்தார். ஏறத்தாழ வெறும் மேடை. உடை மாற்றம் இல்லை. ஒலியும் ஒளியும் குரலும் முதுகெலும்பின் வளைவும் மட்டுமே. கதாப்பிரசங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு ஒருவரே பல குரலில் பேசுவது புதிதல்ல. இங்கே அதற்கும் மேலாக, ஒரு பாத்திரத்தின் வாக்கியம் முடிவதற்குள் அடுத்த பாத்திரத்தின் உடல் தொடங்கிவிடுகிறது. தெருவில் வாழும் ட்ரூடி என்ற முதியவள், வேற்றுலகத்தவருக்குச் சூப் என்பது எது, சூப்புப் பேணியை வரைந்த ஓவியம் என்பது எது என்று விளக்கப் படும் பாடு, கலை என்றால் என்ன என்ற பெரிய கேள்வியைச் சிறு பிள்ளைக்கும் விளங்க வைக்கும். நாடகத்தின் பிற்பகுதி எழுபதுகளின் பெண்ணிலை இயக்கத்தினூடாக வந்த நண்பிகளின் கதை. அவர்களில் பெண்ணைக் காதலிக்கும் பெண்ணும் ஒருத்தி. அவள் மற்றவர்களைப் போலவே கோபமும் களைப்பும் நம்பிக்கையும் உள்ளவளாக, தனி அடையாளப் பலகை மாட்டப்படாமல் வருகிறாள். இதற்காக 1986இல் சிறந்த நடிகைக்கான டோனி விருது டொம்லினுக்குக் கிடைத்தது.

தொண்ணூறுகளில் அவர் செய்தவற்றில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். 1993இல், எயிட்ஸ் நோயின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய 'அன்ட் த பான்ட் பிளேட் ஒன்' தொலைக்காட்சிப் படத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரச் சுகாதாரத் துறையின் மருத்துவர் செல்மா டிரிட்ஸாக நடித்தார். 1995இல், ஹொலிவூட் திரைப்படங்கள் தன்பாலீர்ப்பு உள்ளவர்களை எவ்வாறு சித்திரித்து வந்தன என்பதை ஆராயும் 'த செலுலொயிட் குளோசெட்' ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். அதற்கு நிதி திரட்டவும் பாடுபட்டார். பிறருடைய மறைவைப் பற்றிப் பேசும் படத்தில் குரல் கொடுப்பவர் தன்னைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லாதது சரியா என்று அன்று கேட்கப்பட்டது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். எயிட்ஸ் காலத்தில், பிரபலமான ஒருவரின் ஒரு சொல் பலருக்குப் பற்றுக்கோடாக இருந்திருக்கும். தன் பங்கைப் பணத்தாலும் உழைப்பாலும் செய்தார். சொல்லால் செய்யத் தாமதித்தார். அவர்மீது எனக்குள்ள பெரு மதிப்புக்கு இதைச் சொல்வதால் குறை வராது.

அதே காலத்தில் வேறொரு நடிகைக்கு நேர்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எலன் டிஜெனரஸ் தன் பெயரிலேயே ஓடிய ஏ.பீ.சீ. தொடரில், 1997 ஏப்ரல் 30ஆம் திகதி, தான் நடித்த பாத்திரத்தையும் தன்னையும் ஒருசேர வெளிப்படுத்தினார். நான்கு கோடிக்கும் அதிகமானோர் அதைப் பார்த்தார்கள். சில பெரிய விளம்பரதாரர்கள் விலகினார்கள். அலபாமா மாநிலத்தின் ஒரு நிலையம் அந்த அங்கத்தை ஒளிபரப்பவே மறுத்தது. அடுத்த வருடம் தொடர் நிறுத்தப்பட்டது. 2003இல் உரையாடல் நிகழ்ச்சியோடு மீண்டு வரும் வரை அவருக்கு நல்ல வேலை அரிதாகவே கிடைத்தது. வலையமைப்பின் தொடர் ஒன்றை மட்டும் நம்பியிருந்தவரை வலையமைப்பு கைவிட்டால் போக்கிடம் இல்லை. டொம்லினிடம் ஏர்னஸ்டீன் இருந்தாள், மேடை இருந்தது, பக்கத்தில் எழுத்தாளர் இருந்தார். டிஜெனரஸ் கொடுத்த விலையால் பின்வந்தவர்களுக்குப் பாதை திறந்தது என்பதையும் மறுக்க முடியாது. டொம்லினே 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் வாழ்வைப் பற்றிச் செவ்விகளில் இயல்பாகப் பேசத் தொடங்கினார்.

தொண்ணூறுகளிலும் அதன் பிறகும் தொலைக்காட்சியே அவருடைய வீடாக இருந்தது. 'மேஜிக் ஸ்கூல் பஸ்' என்ற சிறுவர் கார்ட்டூனில் மிஸ் ஃபிரிஸில் ஆசிரியைக்கு 1994 முதல் 1997 வரை குரல் கொடுத்து எமி வென்றார். 2002இலிருந்து 2006 வரை 'த வெஸ்ட் விங்' தொடரில் ஜனாதிபதியின் செயலாளராக வந்தார். 2003இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வெய்ன் பரிசும், 2014இல் கென்னடி மைய விருதும், 2017இல் திரை நடிகர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருதும் கிடைத்தன.

2013 யூன் மாதத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளால் கலிபோர்னியாவில் ஒரே பாலினத்தவரின் திருமணம் மீண்டும் சாத்தியமானது. அந்த வருடத்தின் கடைசி நாளில், நாற்பத்திரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பின்னர், டொம்லினும் வாக்னரும் ஆரவாரமின்றிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். டொம்லினுக்கு அப்போது 74 வயது.

நீங்கள் பார்த்த தொடர் 2015இலிருந்து 2022 வரை, ஏழு பருவங்களில், 94 அங்கங்களாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. முதிய இரு பெண்களின் கணவன்மார் தாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காதலிப்பதாகச் சொல்லிப் பிரிந்து போக, ஒருவரையொருவர் பிடிக்காத அந்தப் பெண்கள் கடற்கரை வீடொன்றில் சேர்ந்து வாழ நேர்கிறது. பெண்ணோடு வாழும் நடிகை, ஆண்களை விரும்பும் ஃபிராங்கியாக நடித்தார். 1975இன் கற்பனைச் செவ்வி நினைவுக்கு வராமல் போகாது. அதே 2015இல் வெளியான 'கிரான்ட்மா' படத்தில், நீண்ட காலத் துணைவியை மரணத்தில் இழந்த ஒரு லெஸ்பியன் கவிஞராக நடித்தார். பேத்தியின் அவசரத் தேவைக்குப் பணம் தேடி ஒரு நாள் முழுவதும் பழைய காரில் அலையும் கதை. கோபக்காரியாகவும் அன்புள்ளவளாகவும் ஒரே மூச்சில் இருக்கும் அந்தப் பாத்திரத்தில், அவருடைய எழுபத்தைந்து ஆண்டுகளும் இருக்கின்றன.

நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், கேள்வியின் அடியில் நம் ஊரைப் பற்றிய ஒரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. போருக்குப் பிந்திய வன்னியில் பெண்களே தாங்கி நிற்கும் குடும்பங்கள் ஏராளம். சகோதரிகளோ, மச்சாள்மாரோ, உறவே இல்லாத சிநேகிதிகளோ ஒரு வளவில் சேர்ந்து வாழ்ந்து, தோட்டம் செய்து, ஒரே அடுப்பில் உலை வைப்பதை ஊர் மரியாதையோடுதான் பார்க்கிறது. இரு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி அதே வாழ்வை வாழ்ந்தால், அந்த மரியாதை அறிந்த கணத்தில் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு, அந்தப் பயம் ஆதாரமற்றதும் அல்ல. ஆங்கிலேயர் 1883இல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரிடையேயான உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தோடு பெண்களும் அதற்குள் வந்தார்கள். 2022இல், இலங்கையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் ரொசானா ஃபிளேமர் கல்டேராவின் முறைப்பாட்டில், பெண்களுக்கு இடையேயான உறவைக் குற்றமாக்குவது அவர்களின் உரிமைகளை மீறுவது என்று ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழு முடிவு தெரிவித்தது. 2023 மே மாதத்தில், இந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நமது உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. ஆயினும் சட்டம் அத்தோடு மாறிவிடவில்லை.

ஆகவே, சொல்லவில்லையே என்று டொம்லினைக் குறை கூறுபவர்கள், சொல்வதற்கான இடம் யாருக்கு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவருக்குப் பணமும் புகழும் பத்திரிகைகளின் மௌனமும் இருந்தன. ஒரு குடியேற்றக் கிராமத்தில் வாழும் பெண்ணுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தன் பாதுகாப்பைக் கருதி மௌனமாக இருந்தால், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. யாராவது உங்களிடம் நம்பிச் சொன்னால், அந்தச் செய்தி அவருடையது, நீங்கள் கொண்டுதிரிவதற்கல்ல. இதை உங்கள் வகுப்பில் மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இனி, எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி. டேட்டா செலவையும் நினைத்து, முதலில் ஏர்னஸ்டீனின் சிறு காட்சிகளை யூடியூப்பில் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். ஒரு தடவை ஒலியோடும், மறு தடவை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள். ஆங்கிலம் விளங்காத இடங்களிலும் தோள்பட்டையும் விரல்களும் கதையைச் சொல்லிவிடும். அடுத்து, 1991இல் படமாக்கப்பட்ட ஓராள் நாடகம். அதை ஒரே இருப்பில் பார்க்காமல், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பது நடிப்புப் பயிற்சிக்கு உதவும். 'கிரான்ட்மா'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செய்முறைப் பரீட்சைக்கு ஓராள் நிகழ்வு ஒன்றைத் தயாரிக்க நினைத்தால், டொம்லினின் பாத்திரங்களைப் பிரதிபண்ண வேண்டாம். உங்கள் ஊரில் தபால் கந்தோரிலோ சங்கக் கடையிலோ நீங்கள் தினமும் பார்க்கும் ஒருவரின் இருப்பையும் பேச்சையும் சில நாட்கள் கவனித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.